நிபந்தனையோடு வரும் பணம்: காமர்ஸ் படிக்கும் தங்கச்சிக்கு ஒரு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

போன வாரம் நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டை ஆபீஸில் எல்லாரிடமும் காட்டிவிட்டேன். கணக்கில் 1,000 ரூபாய் வரவு. பாலசமுத்திரத்தில் நம் வீட்டுக்கு மாதம் தவறாமல் வரப்போகிற முதல் பணம் அது. அப்பாவுக்குத் தேங்காய் வெட்டுக்கு நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால்தான் பூக்கட்டில் நாலு காசு. பி.காம். முதல் வருஷத்திலேயே உன் பேரில் மாதா மாதம் பணம் வருகிறது என்பதை நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஸ்காலர்ஷிப் எப்படி வாங்குவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கின பிறகு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். ஸ்காலர்ஷிப் நிபந்தனையோடு வரும் பணம். நாங்கள் ஆடிட்டர் ஆபீஸில் தினமும் புரட்டும் கணக்கியல் தரநிலைகளில் 12-வது அரசு மானியம் பற்றியது. ஒரு கம்பெனி மானியத்தைக் கணக்கில் காட்ட வேண்டுமானால் இரண்டு விஷயத்தில் நியாயமான உறுதி வேண்டும்: நிபந்தனைகளைக் கடைப்பிடிப்போம், பணம் வந்து சேரும். அதுவரை வருமானமாக எழுதக் கூடாது. நீ அந்தப் பாடத்துக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் உன் ஆயிரம் ரூபாய்க்கும் இதே விதிதான். வராத பணத்தை நம்பிச் செலவு செய்யாதே, கடன் வாங்காதே. வந்த பணத்தின் நிபந்தனையை மறக்காதே. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

எந்த அக்கவுண்டுக்கு வரும் என்று தெரிந்து வை

நான் பட்ட பாட்டை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் எனக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய். ஒரு நாள் ஏதோ ஒரு வங்கியிலிருந்து வந்து மேஜை போட்டு இலவசமாக அக்கவுண்ட் திறந்து கொடுத்தார்கள். விரல் ரேகை வைத்தேன், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபாரத்தில் என்ன எழுதியிருந்தது என்று படிக்கவில்லை. ஆதார் வழியாக வரும் அரசுப் பணமெல்லாம் இனி இந்தப் புது அக்கவுண்டுக்கே போகட்டும் என்ற சம்மதம் அதில் இருந்தது.

அந்த வருஷப் பணம் பழைய அக்கவுண்டுக்கு வரவில்லை. நானும் வாரம் தவறாமல் பழைய வங்கிக்குப் போய் பாஸ்புக்கை நீட்டினேன். "வரலைம்மா" என்றார்கள். ஃபீஸ் கட்ட அப்பா தெரிந்தவரிடம் 10,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினார். நாலு மாதம் கழித்துத்தான், ஏ.டி.எம். கார்டுகூட வாங்காமல் விட்டிருந்த புது அக்கவுண்டில் பணம் கிடப்பது தெரிந்தது. வட்டி மட்டும் 1,200 ரூபாய். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த 1,200 எனக்கு இன்றுவரை மனசில் இருக்கிறது.

ஆதாரை வங்கியில் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்கு ஆதாரோடு சீடிங் செய்வது வேறு. உனக்கு மூன்று அக்கவுண்ட் இருந்து மூன்றிலும் ஆதார் கொடுத்திருக்கலாம். அரசுப் பணம் போவது ஒன்றுக்குத்தான், கடைசியாக எதைச் சீடிங் செய்தாயோ அதற்கு. மை ஆதார் இணையதளத்தில் உன் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால் இப்போது எந்த வங்கி என்று காட்டும். இன்றைக்கே பார். இனி எந்த வங்கியில் அக்கவுண்ட் திறந்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் போடும் முன் கேள்.

மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பணம் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தாயே, உன் வங்கியில் போய் இதை ஸ்காலர்ஷிப் வரும் ஜீரோ பேலன்ஸ் கணக்காக வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள். அரசு உதவிக்காகவும் ஸ்காலர்ஷிப்புக்காகவும் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை, இரண்டு வருஷம் பயன்படுத்தாவிட்டாலும் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2024-ல் கொண்டுவந்த விதி. இருந்தாலும் கே.ஒய்.சி. கேட்டு மெசேஜ் வந்தால் தள்ளிப்போடாதே. நேரே கிளைக்குப் போ. மெசேஜில் இருக்கும் லிங்கைத் தொடாதே.

அதே மாதிரி, "ஸ்காலர்ஷிப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், க்யூ.ஆர். கோடு அனுப்புகிறோம், ஸ்கேன் பண்ணு, பணம் ஏறும்" என்று யாராவது கூப்பிட்டால் உடனே வை. பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்த நிமிஷமே 1930-க்கு அடி. அதற்கப்புறம் எனக்கு.

பேர், இனிஷியல், நம்பர்

உன் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு விண்ணப்பம் திரும்பி வருவது இதனால்தான். மார்க்‌ஷீட்டில் இருப்பதை மூலமாக வைத்து மற்ற இரண்டையும் அதற்கு மாற்று. ஒரே நாளில் முடியாது. அடுத்த செமஸ்டர் லீவில் ஆரம்பித்துவிடு.

விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் நம்பர் உன் கையில் இருக்கும் நம்பராக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர் அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவர் நம்பரைப் போட்டால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் கடை மூடினால் உன் கதவும் மூடும். பாஸ்வேர்டை நீயே போடு, நீயே எழுதி வை.

வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருஷம்தான் ஆயுசு. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, பழனி தாசில்தார் கையெழுத்தோடு வரும். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது அப்பாவின் வருமானத்தை உள்ளபடி சொல்லச் சொல். குறைத்துச் சொன்னால் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கணக்குப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் பொய்க் கணக்கு வேண்டாம்.

பள்ளியின் எமிஸ் எண், கல்லூரியின் யு.எம்.ஐ.எஸ். எண் இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை. உன் ஆயிரம் ரூபாய்க்காக, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நீ அரசுப் பள்ளியில் படித்தாய் என்பதற்கு அந்த எமிஸ் பதிவுதான் சாட்சி. அதில் ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தால் ஹெட்மாஸ்டரிடம் படிப்புச் சான்று வாங்கினால்தான் சரியாகும்.

இரண்டில் எது?

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். புதுமைப் பெண் பணம் வருகிறதே, மத்திய அரசின் ஸ்காலர்ஷிப்புக்கும் போடலாமா?

உனக்கு ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப் பெண் தமிழக அரசின் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினது. அதன் முழுப் பேர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. முன்பு அதே பெயரில் திருமண உதவியும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். அதைத்தான் படிப்புக்கு மாதம் 1,000 என்று மாற்றினார்கள். நான் படிக்கும்போது இது இல்லை. வேறு உதவித்தொகை வாங்கும் மாணவியும் இதைக் கூடுதலாக வாங்கலாம் என்று இந்தத் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது.

மத்திய அரசின் ஸ்காலர்ஷிப் விதி வேறு மாதிரி. பன்னிரண்டாம் வகுப்பில் உன் போர்டில், உன் பிரிவில் முதல் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு 3:2:1 என்று பங்கு, அதில் பாதி பெண்களுக்கு. டிகிரிக்கு வருஷம் 12,000 ரூபாய். ஆனால் வேறு ஸ்காலர்ஷிப் வாங்குகிறவருக்குக் கிடையாது என்று அதில் எழுதியிருக்கிறது.

ஒரு விதி "சேர்த்து வாங்கலாம்" என்கிறது, இன்னொன்று "கூடாது" என்கிறது. இந்த மாதிரி இடத்தில் ஃப்ரெண்டு சொன்னதை நம்பிக் கட்டத்தை நிரப்பாதே. இரண்டு விதியையும் பிரின்ட் எடுத்து, கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் நோடல் ஆசிரியரிடம் கொண்டுபோய் ஒரு தாளில் எழுதிக் கேள், பதிலையும் தாளில் வாங்கு. ஒளித்து வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தாயா? மாதம் 1,000 என்றாலும் வருஷம் 12,000 என்றாலும் மூன்று வருஷத்துக்கு ஒரே 36,000. ஒன்று மாதா மாதம் வரும், இன்னொன்று வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், அதுவும் எந்த மாதம் என்று உறுதி கிடையாது. மாதா மாதம் வருவதன் அருமை நம் வீட்டில் வளர்ந்த உனக்குத் தெரியும். மத்திய ஸ்காலர்ஷிப் வாங்கும் உன் தோழிகளிடம் ஒன்று மட்டும் சொல்: ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். போர்ட்டலில் "டிஃபெக்ட்" என்று வந்தால் விண்ணப்பம் போய்விட்டது என்று அழ வேண்டாம். திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள், கடைசித் தேதிக்குள் அனுப்பினால் போதும். வாரம் ஒருமுறை லாகின் பண்ணிப் பார்க்காதவர்கள்தான் இழக்கிறார்கள்.

நோட்டு

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

பிளஸ் டூவில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கு படித்தாயே, நினைவிருக்கிறதா? பொது நன்கொடை வந்தால் எதற்கும் செலவு செய்யலாம். கட்டடத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த நன்கொடையைக் கட்டடத்துக்குத்தான். அதைத் தனியாக வைத்து, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் காட்டுவோம். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பாய். இப்போது அந்தக் குறிப்பிட்ட நன்கொடை உன் கையில் இருக்கிறது. அது படிப்புக்கு வந்த பணம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பதிவு இப்படி:

வங்கி க/கு ப 1,000
உதவித்தொகை க/கு 1,000
(முதல் மாத உதவித்தொகை வரவு)

வகுப்பில் ராமன், கோபால் என்று யாரோ ஒருத்தருடைய வியாபாரத்தைத்தான் எழுதுகிறோம். சொந்தப் பணத்தைக் குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டுக்குக் கொண்டுபோய், மாசக் கடைசியில் இருப்பாய்வு போட்டுப் பார். நோட்டில் காட்டும் ரொக்க இருப்பும் கையில் இருக்கும் காசும் ஒத்துப்போகாத ராத்திரி வரும். முப்பது ரூபாய் எங்கே போனது என்று தேடுவாய். கடைசியில் ஜெராக்ஸ் கடை என்று ஞாபகம் வரும். அந்த முப்பது ரூபாயைத் தேடிக் கண்டுபிடிக்கிற பழக்கத்துக்குத்தான் எங்கள் ஆபீஸில் சம்பளமே கொடுக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை பாஸ்புக் என்ட்ரி போட்டு, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயார் பண்ணு. பாஸ்புக்கில் நீ எதிர்பார்க்காத 15 ரூபாய், 20 ரூபாய்ப் பிடித்தம் இருக்கும். எஸ்.எம்.எஸ். கட்டணம், கார்டு கட்டணம். எதற்கு என்று கேட்டுக் குறித்து வை. பஸ்ஸையும் எழுது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டு மப்சல் பஸ்ஸில் ஏறின நாட்களை எழுதிப் பார், மாசம் எவ்வளவு போகிறது என்று தெரியும். பழனிக்கு ஒன்று, அங்கிருந்து கல்லூரி இருக்கும் சின்னக்கலையம்புத்தூருக்கு ஒன்று என்று தினம் இரண்டு பஸ் மாறுகிறவளுக்கு அது சின்னக் கணக்கே இல்லை.

இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்று கேட்டாய். படிப்புச் செலவுக்காகக் கொடுக்கும் உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது.

வீட்டுக்கு

அம்மா கேட்கமாட்டாள். ஆனால் கேஸ் தீர்ந்த அன்று உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது ஆயிரத்தையும் எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்காதே என்று சொல்ல எனக்கு மனசு வராது, நானும் கொடுத்தவள்தான். வீட்டுக்குக் கொடுப்பது தப்பே கிடையாது. ஆனால் ஒளிவுமறைவாகக் கொடுக்காதே, கேட்கும்போதெல்லாம் பிய்த்துப் பிய்த்தும் கொடுக்காதே. அப்பா அம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்து நோட்டைக் காட்டு. இவ்வளவு படிப்புக்கு, இவ்வளவு வீட்டுக்கு என்று சேர்ந்து முடிவு பண்ணுங்கள். அவசரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் "வீட்டுக்குக் கடன்" என்று எழுது, தேங்காய்ப் பணம் வந்ததும் அப்பா தருவார். நான் எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. எழுதியிருப்பதை மதிக்கிற மனுஷன் அவர்.

ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வீட்டில் யாரிடமும் கொடுக்க வேண்டாம், சித்தப்பாவிடம்கூட. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எதற்குச் செலவு?

முதலில் பன்னிரண்டு இலக்க கால்குலேட்டர் ஒன்று. சி.ஏ. பரீட்சையிலும் அனுமதிக்கிற சாதாரண வகையே வாங்கு. ரெட்டி அண்ட் மூர்த்தி எழுதின அக்கவுண்ட்ஸ் புத்தகம் புதிதாக வாங்காதே, சீனியர் அக்காக்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், ஓரத்தில் அவர்கள் எழுதின குறிப்புகளும் சேர்ந்து வரும். மாதம் 300 ரூபாய் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடு. 100 ரூபாயிலிருந்து போடலாம், ஆனால் ஐந்து வருஷக் கணக்கு அது. படிப்புக்குள் தேவைப்படும் என்றால் வங்கியில் ஒரு வருஷ ஆர்.டி. சரிப்படும்.

சி.ஏ. ஆசை உனக்கு இருப்பது தெரியும். பவுண்டேஷனுக்குப் பதிவு செய்யவே ஏறத்தாழ 9,000 ரூபாய். உன் ஒன்பது மாத உதவித்தொகை அது. இன்னொரு வழியும் இருக்கிறது. பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் பவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். நம் வீட்டு நிலைமைக்கு எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. அதுவரை காசு செலவில்லாமல் படிக்க, சி.ஏ. இன்ஸ்டிடியூட் தன் பாடப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, ஆன்லைன் வகுப்பும் இலவசமாக நடத்துகிறது. நீ இன்டரில் சேர்ந்த பிறகு அங்கேயும் வசதி குறைந்த மாணவர்களுக்கும் நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. அந்த அறிவிப்புகளைப் பார்ப்பதை இப்போதே பழக்கமாக்கு.

சி.ஏ. என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறார். ஆர். சிவபோகம் பேரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? உன் வகுப்பில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை. ஆபீஸில் ஒரு சீனியர் மேடம் சொல்லித்தான் தெரியும். 1907-ல் சென்னையில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர். சமூக சீர்திருத்தவாதி சகோதரி சுப்பலட்சுமியின் வழியில் வளர்ந்து, சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். அக்கவுண்டன்சி டிப்ளமா முடித்து வந்து பதிவு செய்யப் போனால், ஜெயிலுக்குப் போனவர் ஆடிட்டராகப் பதிய முடியாது என்று வெள்ளைக்காரன் சட்டம் வழிமறித்தது. வழக்காடி ஜெயித்தார். 1937-ல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955-லிருந்து 1958 வரை சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் தென்னிந்தியக் குழுவுக்குத் தலைவராக இருந்தார்.

தலைவராக இருந்த அந்தக் காலத்தில், 1956-ல், அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. சி.ஏ. இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே சிறப்பாகத் தேறும் பெண்ணுக்கு என்று ஒரு பரிசை ஏற்படுத்தினார். அப்போது இந்தத் தொழிலில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனிமேல் வரப்போகிற, முகம் தெரியாத பெண்ணுக்காக அவர் பணத்தை எடுத்து வைத்தார். யாரோ ஒருத்தர் அப்படி எடுத்து வைப்பதால்தான் எந்த ஸ்காலர்ஷிப்பும் வருகிறது. அரசுப் பணம் என்றாலும், பழனி பஸ் ஸ்டாண்டில் சோப்பு வாங்கி ஜி.எஸ்.டி. கட்டுகிற ஆட்கள் சேர்ந்து கொடுத்ததுதான்.

ஏதாவது டிரஸ்ட் உனக்குப் பணம் கொடுத்தால், வருஷக் கடைசியில் அரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுது. மார்க் என்ன, பணம் எதற்குப் போனது, அடுத்த வருஷம் என்ன படிக்கிறாய். நன்றி என்று பத்துத் தடவை எழுத வேண்டாம், கணக்கைக் காட்டு போதும். நான் அப்படி எழுதின இடத்தில் மறு வருஷம் கேட்காமலே கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வருகிறேன். பாஸ்புக், ஆதார், மார்க்‌ஷீட் மூன்றையும் எடுத்து வை, பேரை ஒத்துப் பார்க்கலாம். இந்த மாசம் எதற்கெல்லாம் செலவு பண்ணினாய் என்று ஒரு தாளில் எழுதி வை, ஜெராக்ஸ் கடையையும் சேர்த்து. நோட்டு நான் வாங்கி வருகிறேன்.